கோட்டை வழியாக இரண்டு டிக்கெட்

புத்தளம் ஸ்டேசனில் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு பேசாமல் நகர்ந்து போகிற ஆளல்ல உம்மு குல்தூம். டிக்கெட் கைக்கு வந்ததும் கவுண்டருக்கு முன்னாலேயே நின்று, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து, உரக்க வாசிப்பார். எங்கிருந்து, எந்த இடத்துக்கு, எந்த வழியாக, எத்தனை பேர். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். விடியக்காலை ரயில் புறப்பட நாலு நிமிடம் இருக்கும்போது ஒரு மனுசி இப்படி நின்று வாசித்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

"தாத்தா, டிக்கெட் எங்கயும் ஓடாது. ரயில்தான் ஓடப் போகுது," என்பான் கவுண்டருக்குள் இருக்கும் சஜீவன்.

"ரயில் போனா பஸ் இரிக்கி மகன். டிக்கெட் பிழைச்சா என்ன இரிக்கி?" என்று திருப்பிக் கேட்பார் அவர். புத்தளத்து முஸ்லிம்களிடம் தாத்தா என்றால் அக்கா, நானா என்றால் அண்ணன். ஸ்டேசனில் தமிழர், சிங்களவர் எல்லாருக்குமே அவர் தாத்தாதான்.

வயது ஐம்பத்திரண்டு. தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் எல்லாரோடும் சேர்த்து மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு துரத்தப்பட்டு வந்தபோது பதினேழு. புத்தளத்துத் தில்லையடியில்தான் கலியாணம், தில்லையடியில்தான் கணவர் மௌத்தாகி அடக்கமானதும். ஒரே மகள் ஃபர்ஸானாவை எத்தாளையில் கட்டிக்கொடுத்தாயிற்று. உம்மு குல்தூமின் வேலை, கொழும்புக்கு கிளினிக் போகிற நோயாளிகளைக் கூட்டிக்கொண்டு போய், மருந்தெடுத்து, பத்திரமாகத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வருவது. வீட்டு ஆண்கள் கடலில் நிற்பார்கள், அல்லது வெங்காயத் தோட்டத்தில், அல்லது கட்டாரில். சிங்களம் தெரியாத ஒரு பெண்ணை அவ்வளவு தூரம் யார் கூட்டிப் போவது? குறிஞ்சிப்பிட்டியிலிருந்தெல்லாம் ஆள் அனுப்பிக் கேட்பார்கள். "தாத்தா வாறாவாம்" என்றால் அந்த வீட்டில் பாதிப் பயம் போய்விடும்.

அநேகமான நோயாளிகள் மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள். அங்கே போவதில் ஒரு சிக்கல் உண்டு. புத்தளம் ரயில் மருதானைக்கு வந்து, அதற்கடுத்த ஸ்டேசனான கொழும்புக் கோட்டையில் முடிகிறது. மஹரகம ரயிலோ கோட்டையில் புறப்பட்டு, அதே மருதானைக்கு வந்து, அங்கிருந்து தன் பாதையில் பிரிந்து போகிறது. ஆக மருதானையில் இறங்கி ரயில் மாறுவதுதான் முறை. ஆனால் மருதானைக்கு வரும்போது அந்த ரயிலில் கால் வைக்க இடமிருக்காது. ஆகவே புத்தளத்து ஆட்கள் ஒரு வழக்கம் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். மருதானையில் இறங்காமல் ஒரு ஸ்டேசன் கூடப் போய், கோட்டையில் காலி ரயிலில் ஏறி, யன்னலோரமாக சீட் பிடித்துக்கொண்டு அதே மருதானை வழியாகத் திரும்பி வருவது.

"ஒரே ஒரு ஸ்டேசன். ஆர் கேக்கப் போறான்?" தில்லையடியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஹமீட் நானா இதை ஒரு சாதனைபோலவே சொல்லிக்கொண்டு திரிவார். எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். உம்மு குல்தூமும் ஒரு காலத்தில் அப்படித்தான் செய்தார். பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு!

ஒன்பது வருடங்களுக்கு முன்பு அந்த நினைப்பு உடைந்தது. அன்றைக்கு அவர் கூட்டிப்போனது குணேஸ்வரியை. வன்னியிலிருந்து சண்டைக் காலத்தில் வந்து புத்தளத்தில் தங்கிவிட்டவர், ஸ்டேசன் வீதியில் இடியப்பக் கடை வைத்திருப்பவர், தனிக்கட்டை. மார்பில் கட்டி எடுத்து மருந்து ஏற்றிக்கொண்டிருந்த நேரம். தலைமுடி கொட்டி, சேலைத் தலைப்பால் முக்காடு போட்டிருந்தார். கோட்டையில் மஹரகம ரயில் நிற்கும் மேடையில் டிக்கெட் பரிசோதகர் ஒருவர் கை நீட்டினார். டிக்கெட்டைப் பார்த்தார்.

"இது மருதானையில் மாற வேண்டிய டிக்கெட். கோட்டைக்கு வர இதில் அனுமதியில்லை," என்றார் சிங்களத்தில். அவர் சொன்னதில் பிழையேயில்லை. மரியாதையாகத்தான் சொன்னார்.

உம்மு குல்தூம் வாயடிக்காமல் விடுவாரா? நோயாளி என்றார், சீட் வேண்டும் என்றார், எல்லாரும் இப்படித்தான் வருகிறார்கள் என்றார். அதுதான் பிழையாகிப் போனது. எல்லாரும் வருகிறார்களா என்று கேட்டு, அந்த மனிதர் இரண்டு பேரையும் அறைக்குக் கூட்டிப்போய்த் தண்டம் எழுதினார். பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம், கையெழுத்து. யன்னலால் பார்க்கப் பார்க்க மஹரகம ரயில் போனது. அடுத்த ரயில் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது கிளினிக்கில் நம்பர் கொடுத்து முடிந்துவிட்டது. மருந்து ஏற்றாமலே திரும்பினார்கள். வரும் வழியில் சிலாபம் தாண்டியதும் குணேஸ்வரி முக்காட்டைச் சரிசெய்தார். பிறகு, "பரவாயில்லை அக்கா. என்னால உங்களுக்குத்தான் கரைச்சல்," என்றார்.

பிழை செய்தது நான், மன்னிப்புக் கேட்டது அவள்! அந்த வெட்கம் உம்மு குல்தூமைத் தின்றது. அடுத்த நாளே ஸ்டேசனுக்குப் போய் நின்றார்.

"இந்த டிக்கெட்ட வச்சிக்கிட்டு எந்தெந்த வழியால போகலாம், எந்த வழியால போகேலா? எனக்கு முழுக்கச் சொல்லுங்க."

சஜீவன் அப்போதுதான் வேலைக்கு வந்திருந்தான். "மஹரகமவுக்கு எண்டா மருதானையில மாறுங்கோ. அவ்வளவுதான்."

"மருதானையில சீட் இல்ல மகன். நோயாளி விழுந்திருவா."

"அப்ப கோட்டைக்கு ஒரு டிக்கெட் எடுத்துப் போய், அங்க இறங்கிப் புதுசா எடுங்கோ."

"அங்க கியூவில நிண்டு முடியக்கொள்ள ரயில் போயிரும். வேற வழி?"

வேறு வழி சஜீவனுக்குத் தெரியவில்லை. மூன்று நாள் போனார். மூன்றாம் நாள் ஸ்டேசன் மாஸ்டரே வெளியே வந்தார். வயதான சிங்கள மனிதர். மனுசி போகமாட்டாள் என்று கண்டு, ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து வைத்துப் புரட்டினார். டிக்கெட் என்பது இரண்டு ஊர்களுக்கு மட்டும் கொடுக்கிற கடதாசி இல்லை, ஒரு பாதைக்குக் கொடுக்கிற கடதாசி என்று அன்றைக்குத்தான் உம்மு குல்தூம் விளங்கிக்கொண்டார். எந்தப் பாதைக்குக் காசு கட்டினோமோ அந்தப் பாதையால் மட்டும் போகலாம். ஊர் அதேதானே என்று குறுக்காலும் சுற்றியும் போகேலாது. சுற்றிப் போக வேண்டுமென்றால் சுற்றுகிற தூரத்துக்கும் கட்டி, அந்த வழியை டிக்கெட்டில் எழுத்தில் வாங்க வேண்டும். கடைசியில் ஸ்டேசன் மாஸ்டர் சஜீவனைக் கூப்பிட்டார். கையால் எழுதித் தருகிற தாள் டிக்கெட்டில், மஹரகம என்பதற்குப் பக்கத்தில் 'கோட்டை வழியாக' என்று எழுதச் சொன்னார். கூடப் போன காசு ஒரு பாண் ரொட்டி வாங்கக்கூடக் காணாது.

அந்த முதல் டிக்கெட்டை உம்மு குல்தூம் கவுண்டருக்கு முன்னால் நின்று வாசித்தார். அன்று தொடங்கியதுதான் இந்த வாசிப்பு.

அடுத்த மாதம் குணேஸ்வரியோடு கோட்டையில் இறங்கினார். வேண்டுமென்றே பரிசோதகர்கள் நிற்கிற பக்கமாக நடந்தார். ஒருவரும் கேட்கவில்லை. அவருக்குப் பொறுக்கவில்லை. தானாகவே போய் நீட்டினார். வாங்கிப் பார்த்தவர் இரண்டு தரம் வாசித்து, "ஹரி அம்மா, யன்ன," என்று கையால் வழி காட்டினார். சரி, போங்கள் என்று அர்த்தம். உம்மு குல்தூம் நடந்த நடையைப் பார்க்க வேண்டுமே! அரசாங்கமே கதவு திறந்து விட்டதுபோல் நடந்தார். குணேஸ்வரி முக்காட்டுக்குள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நோய் வந்த பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு ஒன்பது வருடத்தில் அறுபதுக்கு மேற்பட்ட நோயாளிகள். கண்டிக்குப் போக ராகமையில் எப்படி மாறுவது, மாறும்போது வெளியே போனால் டிக்கெட் என்னவாகும், எல்லாம் அவருக்கு விரல் நுனியில். ஹமீட் நானா ஒருநாள் கோட்டையில் மாட்டிக்கொண்டு தண்டம் கட்டி வந்தபோது, "ஒரு ஸ்டேசன்தானே நானா, ஆர் கேட்டது?" என்று கடை வாசலில் நின்று கேட்காமல் விடுவாரா அவர்? தில்லையடியே சிரித்தது.

"எந்த வழியால போற எண்டு வேற ஆக்கள் சொல்ல நாங்க நடந்த காலம் போயிட்டு. இப்ப வழிய நாங்க கேட்டு எழுதி எடுக்கிற," என்று அவர் பெருமையாகவே சொல்லுவார். சொல்லட்டுமே. அவருக்கில்லாத பெருமை வேறு யாருக்கு?

நோயாளிகளுக்கு அவர் போட்ட சட்டங்கள் இரண்டு. தனியாகப் போகக் கூடாது. டிக்கெட்டை வாசிக்காமல் ரயில் ஏறக் கூடாது. இந்த வருடம் மாசி மாதத்தில் அந்த இரண்டையும் அவரே உடைத்தார்.

குளிக்கும்போது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. அறுபது பேரோடு போய் வந்தவருக்கு அது என்னவாக இருக்கலாம் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. புத்தளத்தில் பார்த்த டாக்டர் மஹரகமவுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். ஃபர்ஸானாவிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. பயந்தவர்களை இத்தனை வருடம் கூட்டிக்கொண்டு போனவள், எனக்குப் பயமாக இருக்கிறது, கூட வாருங்கள் என்று யாரிடம் போய்க் கேட்பது? அந்த வீம்பு அவரை விடவில்லை.

அன்றைக்கு சஜீவன் லீவு. கவுண்டரில் நிசாந்தி என்ற புதிய பிள்ளை இருந்தாள். "மஹரகம ஒண்டு," என்றார் உம்மு குல்தூம். வாங்கினார், மடித்தார், பைக்குள் வைத்தார், போனார்.

இடியப்பப் பார்சல் கொடுக்க ஸ்டேசனுக்கு வந்திருந்த குணேஸ்வரி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். தாத்தா டிக்கெட்டை வாசிக்கவில்லை. கக்கத்தில் கிளினிக் பைல் இருக்கிறது, பக்கத்தில் நோயாளி இல்லை. மிச்சப் பார்சல்களைக் கவுண்டர் மேசையில் வைத்துவிட்டு நிசாந்தியிடம் குனிந்தார்.

ரயில் பாலாவி தாண்டியபோது குணேஸ்வரி பெட்டி பெட்டியாக நடந்து வந்து, உம்மு குல்தூமுக்குப் பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு அமர்ந்தார்.

"ஆர் அக்கா நோயாளி?"

"ஆருமில்ல. சும்மா ஒரு வேலையாப் போறன்."

"அப்ப அந்த பைல் ஆருடைய?"

உம்மு குல்தூம் யன்னலுக்கு வெளியே பார்த்தார். உப்பளம் வெளிறிக் கிடந்தது. ஒரு கை பைலை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்திருந்தது. குணேஸ்வரி அந்தக் கையைப் பிடித்தார். "டிக்கெட்ட வாசிச்சனீங்களோ?" என்றார்.

உம்மு குல்தூம் பைக்குள் கை விட்டு எடுத்தார். விரித்தார். புத்தளம், மஹரகம, ஒருவர். கோட்டை என்ற சொல்லே இல்லை. மருதானையில் நெரிசலில் ஏறி நின்றுகொண்டே போக வேண்டும், அல்லது ஒன்பது வருடம் கழித்து அதே அறையில் போய்க் கையெழுத்து வைக்க வேண்டும். நம்பர் போனால் இன்னொரு மாதம்.

"யா அல்லாஹ்! எனக்கு என்ன நடந்த?" என்று விம்மினார். "நானா இப்பிடி எடுத்த? நானா?"

குணேஸ்வரி மடியிலிருந்து இரண்டு தாள் டிக்கெட்டுகளை எடுத்து அவர் கையில் வைத்தார். "இத வாசியுங்கோ. பலமா வாசிக்க வேணும்."

உம்மு குல்தூம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார். "புத்தளம். மஹரகம. கோட்டை வழியா." எதிரில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஒராள்." மற்றதையும் வாசித்தார். அதிலும் கோட்டை வழியாகத்தான்.

"அந்தப் பிள்ளைக்கு எழுதத் தெரியேல்லை. நான்தான் சொல்லிக் குடுத்தனான்," என்றார் குணேஸ்வரி. "மூண்டு நாள் போகேல்லை. மூண்டு நிமிசம்தான்."

"கட?"

"பூட்டிக் கிடக்கட்டும். இடியப்பம் இல்லாட்டி ஊர் பாண் திண்ணும்."

கோட்டையில் பரிசோதகர் கை நீட்டினார். குணேஸ்வரிதான் கொடுத்தார். அந்த மனிதர் வாங்கி வாசித்து, "ஹரி," என்றார். ரயில் காலியாகத்தான் நின்றது. உம்மு குல்தூமை யன்னலோரம் இருத்திவிட்டு குணேஸ்வரி பக்கத்தில் இருந்தார். மருதானையில் சனம் பொங்கிக்கொண்டு ஏறியது. கைப்பிள்ளையோடு ஒருத்தி வர, ஒன்பது வருடப் பழக்கத்தில் உம்மு குல்தூம் எழும்பப் போனார். குணேஸ்வரி அவர் தோளை அமத்தி, "இண்டைக்கு இருக்கிற ஆள் நீங்க," என்று சொல்லித் தான் எழும்பி இடம் கொடுத்தார்.

கிளினிக்கில் நம்பர் கிடைத்தது. நீண்ட காலமாக அவரைத் தெரிந்த தாதி ஒருவர் சிரித்துக்கொண்டே வந்து, "இன்றைக்கு யாரைக் கூட்டி வந்திருக்கிறீர்கள், அம்மா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

மகளுக்குக்கூடச் சொல்லாத சொல். அதைச் சொல்ல உம்மு குல்தூம் நிமிர்ந்து நின்றார். "நோயாளி நான்தான் மிஸ்," என்றார். பிறகு குணேஸ்வரியின் கையைப் பிடித்து முன்னுக்கு இழுத்து, வரிசையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கச் சொன்னார். "இவதான் என்னைக் கூட்டிட்டு வந்த ஆள். கோட்டை வழியா."