இரண்டு ஓரமும் நேராக

தரை துடைக்கிற மருந்தைக் கலக்கும் அளவு அலுவலகத்தில் துப்புரவுச் சாமான் வைக்கும் எங்கள் அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கும். எழுத்துகள் முட்டிமோதிக்கொண்டு நிற்கும். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள், குத்துமதிப்பாகத்தான் கலப்பேன். ஒருநாள் காலை அங்கே வேறு தாள். பெரிய எழுத்து, வரிக்கு ஒரே விஷயம், நடுவே தாராளமாக இடம். யார் ஒட்டியது என்று யாரும் சொல்லவில்லை. அந்த அலுவலகத்தில் அப்படிப் பக்கம் அமைக்கிறவர் ஒருவர்தான்.

அவரைக் கையேட்டம்மா என்பார்கள். கணினி நிரல் வாங்குகிறவர்களுக்கு அதை ஓட்டும் விதத்தைக் கையேடாக எழுதிக்கொடுப்பது அவர் வேலை. வருஷா வருஷம் ஒப்பந்தம் புதுப்பிக்கிற வேலை. வீட்டில் கண் மங்கிய அப்பாவும் அவரும் மட்டும்.

அந்த வருஷம் மேலாளர் அவர் எழுதிய ஒரு பக்கத்தைத் தூக்கிப் பிடித்தார். "வலது ஓரம் எலி கடிச்ச மாதிரி இருக்கே. ரெண்டு ஓரமும் நேரா வரணும்."

"நம்ம தமிழ் வார்த்தை நீளம் சார். வரிக்கு நாலுதான் நிக்கும். இழுத்து நேராக்கினா நடுவுல ஓட்டை விழும். கண்ணு அதுல வழுக்கிடும்."

"யாரு கண்ணு?"

நான் அங்கே குப்பைக்கூடையை எடுக்கப் போயிருந்தேன். "அக்கா, இதைக் கொஞ்சம் படிங்க" என்று, மாதிரிக்கு நேராக்கிப் பார்த்த ஒரு தாளை நீட்டினார் கையேட்டம்மா.

விரல் வைத்துப் படித்தேன். வெள்ளை இடைவெளிகள் ஒன்றின்கீழ் ஒன்றாக வாய்க்கால்போல் இறங்கின. விரலும் இறங்கிவிட்டது. 'முதலில் நகல் எடுத்து வைக்கவும்' என்ற வரி விட்டுப்போய், 'பழைய கோப்பை அழிக்கவும்' என்றேன்.

மேலாளர் சிரித்தார். "இவங்களுக்கா எழுதுறோம்?"

"அவசரத்துல படிக்கிறவங்க எல்லாருமே இவங்கதான் சார். அந்தப் பக்கத்தை நான் நேராக்க மாட்டேன்."

மேலாளர் குரலை உயர்த்தவில்லை. மாசக் கடைசியில் கையேட்டம்மாவின் வேலை புதுப்பிக்கப்படவில்லை. வேறொருவர் வந்து இரண்டு ஓரமும் நேராக்கினார். நான் ஒழுங்காகப் படித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஆண்டவனிடம் பலநாள் கேட்டிருக்கிறேன்.

கடைசி நாள் கையேட்டம்மா பையை மாட்டிக்கொண்டு அலமாரிப் பக்கம் வந்தார். "என்னாலதானேம்மா?" என்றேன்.

அவர் கதவுத் தாளின் உரிந்த முனையைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டார்.

"ஈரம் பட்டு இது கிழிஞ்சிரும்க்கா. மேல்தட்டுல இன்னும் ரெண்டு வச்சிருக்கேன்."