மூன்றாவது கிளாஸ்

அந்தக் கடையில் பீரைப் பின்கட்டில் காய்ச்சி முன்கட்டில் ஊற்றிக் கொடுப்பார்கள். இரண்டு கட்டுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தவர் நம்முடைய சப்ளையர். இருபத்தாறு வருஷ ஓட்டம். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஆனால் கட்டிய மனைவியே கோபம் வந்தால் “என்ன சப்ளையரே” என்றுதான் ஆரம்பிப்பாள்.

ஆள் கெட்டிக்காரர். கை நடுங்கும் தையல்காரருக்குக் கிளாஸை முக்கால்தான் நிரப்புவார். நாலு பேர் எதிரில் அவர் சட்டையில் கொட்டிக்கொள்ளக் கூடாது என்று மீதியைக் கொஞ்ச நேரம் கழித்து வந்து ஊற்றுவார். சண்டை போட்டுக்கொண்டு வரும் தம்பதிக்கு பில்லைச் சீக்கிரம் வைக்க மாட்டார். இதையெல்லாம் யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை, யாரும் கவனித்ததும் இல்லை.

ஜன்னல் டேபிள் போஸ்ட்மாஸ்டருடையது. ரிட்டயர் ஆன மறுநாளே வந்து உட்கார்ந்தவர். சாயங்காலம் ஐந்தரைக்கு வருவார், ஏழு மணி பஸ்ஸில் போவார். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவர் மனைவி பின்வாசல் வழியாக வந்து சப்ளையரைப் பிடித்தாள்.

“தம்பி, இவருக்கு ஈரல் போச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ரெண்டு கிளாஸுக்கு மேல ஆகாது. நான் வேணாம்னு சொன்னா நாலா குடிப்பாரு, அப்படி ஒரு பிறவி. நீங்கதான் எப்படியாவது பாத்துக்கணும்.”

“நான் பாத்துக்கறேம்மா. நீங்க கவலைய விடுங்க.”

அன்றிலிருந்து மூன்றாவது கிளாஸ் மட்டும் வராது. போஸ்ட்மாஸ்டர் கேட்டால், “பீப்பாய் மாத்திட்டு இருக்காங்க சார், இதோ வந்துரும்.” இன்னொரு தடவை கேட்டால், “நுரையாவே வருது சார், கொஞ்சம் அடங்கட்டும்.” நடுவில் ஒரு தட்டு வறுத்த கடலை, ஒரு சொம்பு தண்ணீர். அதற்குள் ஏழு மணி பஸ் முனையில் ஹாரன் அடித்துவிடும். “சோம்பேறிக் கடைடா இது!” என்று திட்டிக்கொண்டே போஸ்ட்மாஸ்டர் ஓடுவார். ஒன்பது வருஷம் தினமும் அந்தத் திட்டை வாங்கிக்கொண்டு சப்ளையர் டேபிளைத் துடைத்தார்.

போன வருஷம் முதலாளி ஒரு மிஷினைக் கொண்டுவந்து இறக்கினார். இடுப்பளவு உயரம், நாலு தட்டு, கீழே சக்கரம், மேலே திரையில் இரண்டு கண். போகிற இடமெல்லாம் கண்ணைச் சிமிட்டி “நன்றி” சொன்னது. கூடவே ஒவ்வொரு டேபிளிலும் ஒரு சின்னத் திரையை ஒட்டினார்கள். எழுந்து போகும்போது சிரித்த மூஞ்சி, அழுத மூஞ்சி இரண்டில் ஒன்றை அமுக்க வேண்டும்.

“பாதி டேபிள் உனக்கு, பாதி அதுக்கு,” என்றார் முதலாளி. “ஒரு மாசம். யாருக்குச் சிரிப்பு ஜாஸ்தியோ அவங்க இருக்கட்டும். நான் பாரபட்சம் பாக்கறவன் இல்லப்பா.”

முதலாளியின் நியாயம் அப்படி. ஐம்பத்து மூன்று வயதில், இடது முழங்கால் தேய்ந்த ஆளை வேறு எந்தக் கடை சேர்க்கும்? மகள் நர்ஸ் படிப்பில் இரண்டாம் வருஷம். இந்த வேலை போனால் அந்தப் படிப்பும் போச்சு.

மூன்று வாரம் முடிந்ததும் முதலாளி போனைத் திறந்து காட்டினார்.

“எல்லா டேபிளும் உனக்குச் சிரிக்குதுய்யா. இந்த ஜன்னல் டேபிள் மட்டும் தினம் தவறாம அழுவுது. அதனாலதான் பின்தங்கி நிக்கிற. அப்படி என்னதான் பண்ற அங்க?”

சொல்லலாம்தான். ஆனால் என்னவென்று சொல்வது? ஒன்பது வருஷமாக உங்கள் வியாபாரத்தை நானே தடுத்தேன் என்றா? சப்ளையர் துணியை எடுத்துக்கொண்டு டேபிள் துடைக்கப் போனார்.

வீட்டில் மனைவியிடம் சொன்னார். அவள் தைத்துக்கொண்டிருந்த துணியிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

“ஊரான் ஈரலைக் காப்பாத்துறதுக்கு நீங்க என்ன டாக்டரா? கேக்கறாரு, குடுங்க. நம்ம பொண்ணப் பாருங்க.”

மறுநாள் போஸ்ட்மாஸ்டர் இரண்டாவது கிளாஸை முடித்துக் கையைத் தூக்குவதற்குள் மூன்றாவது வந்து நின்றது. மனிதர் அதிசயமாகப் பார்த்தார்.

“என்னப்பா, இன்னிக்கு பீப்பாய் மாத்தலையா?”

“இல்ல சார். எவ்வளவு வேணும்னாலும் கேளுங்க.”

நாலாவது வந்தது. பஸ் ஹாரன் அடித்தது, போஸ்ட்மாஸ்டர் கையை வீசி அதைப் போகச் சொன்னார். ஐந்தாவதும் வந்தது. எழும்போது தடுமாறி, சப்ளையரின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்த மூஞ்சியை ஓங்கிக் குத்தினார்.

“இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான்யா நீ ஒழுங்கா வேலை பாத்திருக்க!”

சப்ளையர் அவரைத் தாங்கிக்கொண்டு போய் ஆட்டோவில் ஏற்றிவிட்டார். மறுநாளும் அதையேதான் செய்தார், அதற்கடுத்த நாளும். சும்மா சொல்லக் கூடாது, மிஷினைவிட வேகமாகவே கொண்டுபோய் வைத்தார். ஐந்து நாள், ஐந்து சிரிப்பு. ஆறாவது நாள் ஜன்னல் டேபிள் காலியாகக் கிடந்தது. ஏழாவது நாளும் காலி. மாசம் முடிந்தபோது மூன்றே மூன்று சிரிப்பு வித்தியாசத்தில் சப்ளையர் ஜெயித்தார்.

“கடைசி வாரம் மிஷின் தோத்துச்சுய்யா உன்கிட்ட!” என்று முதலாளி முதுகில் தட்டினார். மிஷினை எச்சில் தட்டு எடுக்கப் போட்டார்கள். அன்று சப்ளையர் மகளுக்கு ஒரு ஜோடி வெள்ளை ஷூ வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

பத்து நாள் கழித்துப் பின்வாசலில் போஸ்ட்மாஸ்டரின் மனைவி நின்றாள். பத்து வயது கூடிப்போயிருந்தாள்.

“அவரு போயிட்டாரு தம்பி. ரத்தமா வாந்தி எடுத்தாரு. ஆஸ்பத்திரில மூணு நாள் கெடந்தாரு, அவ்வளவுதான்.”

சப்ளையர் கையில் இருந்த ட்ரேயைச் சுவரில் சாய்த்து வைத்தார். அது நிற்காமல் சரிந்தது, மறுபடி எடுத்து வைத்தார். அவள் கேட்டாள்.

“உங்களக் குறை சொல்ல வரல. கடைசி அஞ்சு நாளும் தள்ளாடிக்கிட்டு ஆட்டோலதான் வந்தாரு. அந்த அஞ்சு நாளும் நீங்க லீவா தம்பி?”

அவள் கண்ணில் சந்தேகம் துளியும் இல்லை. அதுதான் சப்ளையரைக் கொன்றது. உண்மையைச் சொல்ல வாய் எடுத்தார். உள்ளேயிருந்து முதலாளி, “யோவ், எட்டாம் டேபிள்!” என்று கத்தினார்.

“ஆமாம்மா,” என்றார் சப்ளையர். “முழங்கால் வலின்னு லீவு போட்டேன். மிஷின்தான் குடுத்திருக்கு.”

கதவு இடுக்கு வழியாக அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். எச்சில் தட்டுகளோடு மிஷின் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு போனது. அவள் அதைத் திட்டக்கூட இல்லை. இரண்டு கையாலும் சப்ளையரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அது என்ன பண்ணும், பாவம். அதுக்கு என்ன தெரியும்? ஒரு மனுஷன் அங்க இருந்திருந்தா குடுத்திருப்பானா?”

“குடுத்திருக்க மாட்டான்மா,” என்றார் சப்ளையர்.