பதினெட்டுக் கிலோ பொறாமை

சைக்கிள் திருத்துகிறவனுக்கு மழை, குழி, கண்ணாடித் துண்டு மூன்றும்தான் சோறு போடும். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் கடை வைத்திருக்கும் எனக்குக் கடற்காற்று நாலாவதாக வந்து, செயினில் துருவேற்றிக் கறியும் போட்டது. இப்போதோ மழையில் நனையாத, குழியில் விழாத, வீட்டு ஹோலை விட்டு வெளியே வராத சைக்கிள்கள் வந்துவிட்டன. பாடுபட்டு ஒரு தொழிலைப் பழகி, அது கைக்கு வந்த நேரம் பார்த்து உலகம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டதைப் பார்த்து நிற்கிற என் சக வயிற்றெரிச்சல்காரர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எழுபத்தொரு வயதில் பொய் சொல்லி எனக்கு என்ன கிடைக்கப்போகிறது?

ஒரு விசயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். என் கடைச் சுவரில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் தொங்குகிறது. எங்கள் மீசை கறுப்பாக இருந்த காலத்து ரோட் ரேஸ் ஒன்றில் நான் முதலாவதாகக் கோட்டைத் தாண்டுகிறேன். பின்னால் வருகிறவன் கொட்டாஞ்சேனை பெனடிக்ற். படத்தில் இடைவெளி அரைச் சில்லு, பாதிச் சக்கர அளவுதான். அது படம் எடுத்த கோணம். உண்மையில் மூன்று லைட் போஸ்ட் தூரம் இருந்தது. செயின் கழன்றுவிட்டது என்று அவன் சொல்வான். செயின் கழலாமல் ஓடுவதும் திறமைதானே? அந்தப் படம் தொங்கும்வரை நான் சம்பியன். வாடிக்கையாளர்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் சைக்கிளை என் கையில் தருகிறார்கள்.

பின்சில்லு இல்லாத சைக்கிள்

புதுச் சாதிச் சைக்கிளை நான் முதன்முதல் கண்டது கணக்காளர் சிவகுமாரின் ஐந்தாம் மாடி வீட்டில். ஹோலின் நடுவில் அருமையான சைக்கிள் ஒன்று பின்சில்லு இல்லாமல் நின்றது. கள்ளன் கழற்றிக்கொண்டு போய்விட்டான் என்று நினைத்து நான் அனுதாபம் சொல்லத் தொடங்க, அவர் சிரித்தார். சில்லு இருந்த இடத்தில் ஒரு மெசினைப் பூட்டிச் செயினை அதில் போடுவார்களாம். முன்னால் டீவி. டீவிக்குள் வீதி, வீதியில் சைக்கிள் ஓடும் பொம்மைகள். ஒவ்வொரு பொம்மைக்கும் பின்னால் உலகத்தில் எங்கோ ஒரு ஆள் தன் வீட்டிலிருந்து மிதிக்கிறான். டீவியில் ஏற்றம் வந்தால் மெசின் பெடலை இறுக்கும். இப்படியே ரேஸ் நடக்கிறது, ஆட்கள் வெல்கிறார்கள், ஒருவருக்கும் முழங்கால் தேய்வதில்லை.

எனக்கு வயிறு எரிந்தது. அவருக்கு இரண்டு மின்விசிறி, மூன்று துவாய், கைக்கெட்டும் தூரத்தில் தோடம்பழச் சாறு. நான் ஓடிய காலத்தில் தெமட்டகொடையில் ஒரு நாய் என்னைத் துரத்தத் தொடங்கி, என்னோடு சேர்ந்து முழு ரேஸையும் ஓடி, நாலாவதாக வந்தது. பரிசாகக் கிடைத்த இனிப்புப் பணிஸில் பாதியை அதற்குக் கொடுத்தேன். இதைச் சொல்லிக்கொண்டே மெசினைப் பூட்டி முடித்தேன். சிவகுமார் ஏறியிருந்து மிதிக்கத் தொடங்கியதும் அவருடைய மனைவி குசினி வாசலில் வந்து நின்று சொன்னார்: "அண்ணை, இவர் ஒரு நாளைக்கு நாப்பது கிலோமீற்றர் போறார். சந்திக் கடையில ஒரு றாத்தல் பாண் வாங்கிக்கொண்டு வாங்கோ எண்டால் மட்டும் தூரமாம்."

ரிஸ்னாவின் முதுகு

மாளிகாவத்தையில் தாய் வீடு, வெள்ளவத்தையில் தன் வீடு என்று இருக்கும் சட்டத்தரணி ரிஸ்னா, ஹாண்டில் திரும்ப மறுக்கிறது என்று சைக்கிளைக் கொண்டுவந்தார். கழற்றிப் பார்த்தால் உள்ளே ஒரே துரு. "மழையில ஒரு நாளும் கொண்டு போகேல்லை எண்டு சொன்னியள்?" என்றேன். வீட்டை விட்டே வெளியே போனதில்லை என்றார். பிறகுதான் விளங்கியது: வீதியில் ஓடுகிறவனின் வியர்வையைக் காற்றுக் கொண்டுபோய்விடும்; வீட்டுக்குள் ஓடுகிறவரின் வியர்வை சொட்டுச் சொட்டாக ஹாண்டில் கழுத்துக்குள் இறங்கும். வெள்ளவத்தைக் கடல் பத்து வருசத்தில் செய்கிற வேலையை இந்தப் பிள்ளை எட்டு மாதத்தில் செய்திருக்கிறார். அவ்வளவு மிதி.

எனக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு பலத்தை வைத்துக்கொண்டு ஏன் பொம்மைகளோடு ஓட வேண்டும், விடியற்காலையில் கடலோர மரைன் டிரைவில் இறங்கி உண்மையான காற்றில் ஓடலாமே என்று புத்தி சொன்னேன். நான் ஒருமுறை அந்தக் கரையோர ரயிலோடு போட்டி போட்டு, கல்கிசைக்கு முதலில் போய்ச் சேர்ந்து, பிளேன்டீ குடித்து முடித்த பிறகே ரயில் வந்ததையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ரோட்டுல ஓடினா எல்லாரும் என் முகத்தத்தான் பாக்குறாங்க அங்கிள். இதுல எல்லாரும் என் முதுகத்தான் பாக்குறாங்க."

பெனடிக்ற் கூப்பிடுகிறான்

இவர்கள் எல்லாம் வாடிக்கையாளர்கள். எரிந்த வயிறு ஒரு சோடாவோடு ஆறிவிடும். ஆனால் ஒரு நாள் பெனடிக்ற் போன் எடுத்தான். மெல்பேணில் இருக்கும் மகள் அவனுக்கும் அந்த மெசினை அனுப்பியிருக்கிறாளாம். செயின் சத்தம் போடுகிறதாம், ஞாயிற்றுக்கிழமை நான் வந்து பார்க்க வேண்டுமாம்.

பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனால், வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்து கிடக்கின்றன. செத்தவீடோ என்று பயந்துபோய் உள்ளே எட்டிப்பார்த்தேன். அரை ஒழுங்கையும் பிளாஸ்டிக் கதிரை போட்டு இருக்கிறது. நடுவில் அறுபத்தொன்பது வயது பெனடிக்ற் பெனியனோடு மிதிக்கிறான். டீவியில் அவனுடைய பொம்மைக்கு மொட்டை இல்லை, தொந்தி இல்லை, இருபத்தைந்து வயது. ஏற்றம் வர வர, ஒழுங்கை முழுக்க "பெனா! பெனா!" என்று கத்துகிறது. கோட்டைத் தாண்டி முதலாவதாக வந்தான். ஒரு அன்ரி எழும்பி அவனுடைய நெற்றியைத் துடைத்துவிட்டார். நான் வென்ற அன்று மழை. என்னைப் பார்த்துக்கொண்டு நின்றவை மூன்று ஆடுகள்.

எல்லாரும் போன பிறகு, அவனுடைய செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே, பொம்மை ரேஸ் எல்லாம் ஒரு ரேஸா என்று கேட்டேன். முகத்தைத் துவாயால் துடைத்துக்கொண்டு சொன்னான்: "ஒன் போட்டோவுல ஒருத்தன்தான் மச்சான் தோக்கிறான். இதுல முந்நூறு பேர் தோக்கிறானுங்க."

என் விரல் செய்த வேலை

எண்ணெய் விட்டு முடிய, அவனுடைய போனில் ஏதோ கேள்வி வந்தது. மூக்குக் கண்ணாடியைக் காணவில்லை, நீயே பார் என்று போனை நீட்டினான். ஓடுகிறவரின் இப்போதைய நிறை எவ்வளவு என்று ரேஸ்காரர்கள் கேட்டிருந்தார்கள். இந்த ரேஸில் அதுதான் உயிர்நிலை என்று சிவகுமார் எனக்கு முன்னமே சொல்லியிருந்தார்: மெசின் நம்மை நிறுக்காது, நாம் சொல்வதை நம்பும். பாரம் கூடியவனுக்கு டீவி மலை கூடுதலாக இறுகும். அதனால் ஆட்கள் தங்களை இரண்டு மூன்று கிலோ குறைத்துச் சொல்வார்களாம்.

"அறுவத்திரெண்டு மச்சான், நேத்துத்தான் பார்மசில நிறுத்தேன்" என்றான் பெனடிக்ற். என் விரல் எண்பது என்று அடித்தது. விரலை நான் குறை சொல்லமாட்டேன். என்னோடு நாற்பது வருசம் நேர்மையாக வேலை செய்த விரல், ஒரு நாள் லீவு எடுத்தது.

அடுத்த ஞாயிறு அவன் நூற்று நாற்பதாவது. அதற்கடுத்த ஞாயிறு நூற்றுப் பத்தாவது. பிளாஸ்டிக் கதிரைகள் குறைந்துவிட்டன என்று கேள்விப்பட்டு நான் இரண்டு வடை வாங்கித் தனியாக இருந்து சாப்பிட்டேன். இப்படி ருசியான வடை என் ஆயுளில் சாப்பிட்டதில்லை. மூன்றாவது வாங்கத்தான் மனச்சாட்சி விடவில்லை. அன்று பின்னேரமே போன் வந்தது. குரல் தொய்ந்திருந்தது. "வயசு போயிருச்சி போல மச்சான், ஏத்தம் வந்தா கால் இழுக்குது. விட்டுறவா, இன்னும் மிதிக்கவா?" என்று கேட்டான். குற்றவுணர்ச்சி உள்ளவன் நல்ல மனிதனாக நடிக்கத்தான் பார்ப்பான். நானும் சொல்லிவிட்டேன்: "விடாதை மச்சான், காலையில ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா மிதி."

கரண்ட்

இதற்கிடையில் சிவகுமார் தன் ஆயுளில் முதன்முறையாக ஒரு ரேஸில் முன்னுக்கு வந்தார். செயின் மாற்றப் போன நானும் நின்று பார்த்தேன். கடைசி ஏற்றம். இன்னும் இருநூறு மீற்றர். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. டீவி கறுத்தது, மின்விசிறி நின்றது, மனிதர் மட்டும் இருட்டுக்குள் மிதித்துக்கொண்டே இருந்தார். நான் வெளியே துக்கமும் உள்ளே சந்தோசமுமாக நின்றேன். நாங்கள் ஓடிய மலைகளை ஒருவரும் சுவிட்சால் அணைக்கவில்லையே.

சிவகுமார் ஐந்து மாடியும் படியால் இறங்கி ஓடினார். வாசலில் ஜெனரேட்டர் நிம்மதியாக உறுமிக்கொண்டிருக்க, ஏன் வீட்டுக்குக் கரண்ட் வரவில்லை, நான் மலையில் நிற்கிறேன் என்று வியர்வை ஒழுகக் கத்தினார். காவலாளி பண்டா அவரை மேலும் கீழும் பார்த்துத் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னான்: "ஜெனரேட்டர் லிஃப்டுக்கு மட்டும்தான் மாத்தயா. மலைக்கு இல்ல."

மரைன் டிரைவ்

மூன்று மாதம் கழித்து ஒரு போயா விடுமுறை நாள் காலை, பெனடிக்ற் தன் சைக்கிளுக்குப் பின்சில்லைப் பூட்டிக்கொண்டு கொட்டாஞ்சேனையிலிருந்து மிதித்தே என் கடைக்கு வந்தான். மெசின் சொல்வது உண்மையா என்று பார்க்க வேண்டுமாம். வெள்ளவத்தை ஸ்டேசனடியில் தொடங்கி, பம்பலப்பிட்டி ஸ்டேசனில் திரும்பி, மறுபடி வெள்ளவத்தை. தான் வென்றால் என் கடைச் சுவரில் தன்னுடைய படமும் தொங்க வேண்டுமாம். கடையில் நின்ற சிவகுமாரும் ரிஸ்னாவும், நான் மறுக்க வாயைத் திறக்கமுன்னமே கைதட்டிவிட்டார்கள். சம்பியன் ஆச்சே.

தொடங்கியதும் நான்தான் முன்னால். இதில் ஒரு சொல்லும் கூட்டவில்லை. ஒரு லைட் போஸ்ட் தூரம் நான் முன்னால். பிறகு என் பக்கத்தால் ஏதோ போனது. மோட்டார் சைக்கிள் என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டேன். பெனடிக்ற். எண்பது கிலோ ஆளாக மூன்று மாதம் மலை ஏறியவன், அறுபத்திரண்டு கிலோவோடு சமதரையில் இறங்கியிருக்கிறான். முதுகில் இருந்த அரிசி மூட்டையை யாரோ இறக்கிவிட்ட மாதிரி பறந்தான். நான் பம்பலப்பிட்டியைக் காணமுன்னமே அவன் திரும்பி எதிரே வந்தான். வந்தவன் கையையும் காட்டினான்.

நான் ஸ்டேசனடிக்கு வந்து சேர்ந்தபோது ரிஸ்னா படம் எடுத்து முடித்து, பெனடிக்றுக்கு இளநீரும் வாங்கிக் கொடுத்திருந்தார். எனக்கு மூச்சு வாங்கியதா, அழுகை வந்ததா என்று பிரித்துச் சொல்லமுடியவில்லை. "மச்சான், ஒரு விசயம் சொல்லவேணும், அந்த நிறை..." என்று தொடங்கினேன். அவன் இளநீரின் மிச்சத்தை என் கையில் தந்தான்: "எண்பதுன்னு நீ அடிச்சத மூணாவது வாரமே பாத்துட்டேன், வேணும்னுதான் மாத்தல. நாப்பது வருசமா ஒன் போட்டோவ சுமந்தவனுக்கு பதினெட்டுக் கிலோ என்னடா பாரம்?"

இப்போது என் கடைச் சுவரில் இரண்டு படங்கள் தொங்குகின்றன. புதிய படத்தில் பெனடிக்ற் தனியாகக் கோட்டைத் தாண்டுகிறான், நான் எங்கே என்று கேட்கிறவர்களுக்கு அந்தப் படத்தை எடுத்ததே நான்தான் என்று சொல்லிவருகிறேன்.