மூணு மாத்திரையும் மூணு வேளையும்

முப்பத்தைந்து வயது வரைக்கும் ஆஸ்பத்திரியின் பதிவு அறையில் டைப் அடித்துக்கொண்டிருந்தவள் அவள். திடீரென்று இதய ஸ்கேன் படிக்கப் போகிறேன் என்று கிளம்பியபோது, பஸ் மெக்கானிக்கான கணவன், "இஞ்சினைத் திறக்காமலே கோளாறு கண்டுபிடிக்கிற வேலையா? எனக்கும் சொல்லிக்கொடு" என்றான். முதல் தடவை தேர்வில் கோட்டைவிட்டாள். இரண்டாம் தடவை ஒரு கை பார்த்துவிட்டாள். இப்போது பத்து வருஷமாகச் சிறுநீரக நோயுள்ள குழந்தைகளுக்கு எக்கோ எடுக்கிறாள். நாளெல்லாம் "அசையாதே, அசையாதே" என்று சொல்வதால் குழந்தைகளுக்கு அவள் 'அசையாதே அத்தை'.

போன வருஷம் சிறுநீரகப் பிரிவு டாக்டரம்மா ஒரு ஆய்வு தொடங்கினார். கழுத்தில் நாலு குட்டிச் சுரப்பிகள் உண்டு. சிறுநீரகம் தளர்ந்து ரத்தத்தில் பாஸ்பரஸ் தேங்கினால், அவை ஹார்மோனை வாரி இறைக்கும். அது ஏற ஏறக் குழந்தைகளின் இதயம் என்ன பாடுபடுகிறது என்று பார்ப்பதுதான் ஆய்வு.

ஏழாவதாக வந்தவள் பத்து வயதுச் சிறுமி. டிரைவரான அப்பா கூட வந்திருந்தார். வாயைத் திறந்தால் மூடத் தெரியாத பெண். நெஞ்சில் ஜெல் பட்டதும், "ஐயோ, ஐஸ்!" என்று துள்ளினாள். திரையில் படம் கலங்கியது.

"ஒப்பந்தம் போட்டுக்கலாம். படம் எடுக்கிற வரைக்கும் கப்சிப். எடுத்ததும் ஒரு வாக்கியம் பேசலாம், சரியா?"

அவளுடைய ஒரு வாக்கியம் ரயில் நீளம் இருந்தது.

இதயம் சுருங்குவதில் குறையில்லை. சுருங்கிய பிறகு தளர்ந்து விரியத்தான் சுணங்கியது. ரத்தப் பரிசோதனைச் சீட்டிலும் ஹார்மோன் எகிறியிருந்தது. சாப்பாட்டிலுள்ள பாஸ்பரஸைப் பிடித்துவைக்க, வேளைக்கு ஒரு மாத்திரை கொடுத்திருந்தார்கள்.

"மாத்திரை ஒழுங்கா போடுறியாடா கண்ணு?"

"ஓ! ராத்திரி சாப்பாட்டோட மூணையும் போட்டுடுவேன்."

அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "மூணு வேளையும் போடுறேன்னு சொன்னியே?"

"இல்லப்பா. மூணும் போடுறேன்னுதான் சொன்னேன்."

காலையில் பள்ளிக்கு ஓடுகிற அவசரம். மதியம் அந்த வெள்ளை மாத்திரையை மென்றால் தோழிகள் 'சாக்பீஸ் தின்னி' என்கிறார்களாம். அத்தைக்குச் சிரிப்பு வந்தது. திட்டவில்லை. ஸ்கேனை முடித்துவிட்டு நேரே டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னாள்.

டாக்டரம்மா சிறுமியைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு காகிதத்தில் கழுத்தும் நாலு புள்ளியும் வரைந்து, ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டோடும் ஒன்று போட்டால்தான் அந்த மாத்திரை வேலைசெய்யும் என்று விளக்கினார்.

"இந்த நாலும் எனக்கு மட்டுமா?"

"எல்லாருக்கும் உண்டு."

அவ்வளவுதான். மறுநாளே அந்தக் காகிதத்தோடு வகுப்பில் ஒரு பிரசங்கம் நடந்ததாம். பிள்ளைகள் எல்லாம் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்களாம். அதற்குப் பிறகு மதிய மாத்திரையை ஞாபகப்படுத்துவதே தோழிகள்தான் என்றார் அப்பா.

ஆறு மாதம் கழித்து மறுபடி எக்கோ. ஹார்மோன் பாதியாக இறங்கியிருந்தது. இதயம் நன்றாகவே தளர்ந்து விரிந்தது. "டாக்டர், ஒரு நிமிஷம் இங்க வந்து பாருங்களேன்!" என்று அத்தை கதவைத் திறந்து கூப்பிட்ட கூப்பாட்டில் வராந்தாவே திரும்பிப் பார்த்தது.

ஆய்வுப் படிவத்தில் டாக்டரம்மா புதிதாக ஒரு கேள்வி சேர்த்தார்: 'மாத்திரையை எப்போது, எதோடு போடுகிறாய்?' கேட்டதும் இன்னும் மூன்று பேர் உண்மையைக் கக்கினார்கள். அதில் ஒருத்தி தன் பங்கு மாத்திரையை ஒழுங்காகப் பூந்தொட்டிக்கு ஊட்டிவந்திருக்கிறாள்.