ஒரு முழம் பிலிம்

பழைய எட்டு மில்லிமீற்றர் பிலிம் சேர்க்கிறவர்களைப் போல எரிச்சலூட்டும் ஆட்களை நான் கண்டதில்லை. நானும் அவர்களில் ஒருவன் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன். ஒரு ரீலைக் கையில் கொடுத்தால் அதன் நிறம், மணம், பூஞ்சணம் என்று பொழுது சாயும்வரை பேசுவார்கள். இதை யார் எடுத்தது, எந்தக் கடை விற்றது என்று கேட்டால் மட்டும் ஆளுக்கொரு கதை விடுவார்கள்.

நான் தேடியது ஒரேயொரு படத்தின் பிறப்பை. அறுபதுகளில் கண்டி நகரத்துப் படக்கடை ஒன்று, வீட்டில் சின்ன புரொஜெக்டர் வைத்திருந்தவர்களுக்காகச் சில குறும்படங்களைப் பிரதி போட்டு விற்றது. பேச்சில்லாத படங்கள், சில நிமிடம்தான் ஓடும். அதில் ஒன்று கலஹாப் பக்கத் தோட்டங்களில் தேயிலைக் கொழுந்து பறிப்பதைக் காட்டுவது. அந்தக் கடையில் வேலை பார்த்த அப்பா, "அத எடுத்தது நான்தான். தொடக்கத்துலயே என் பேரு வரும்" என்று சாகும்வரை சொன்னார். கடைச் சரக்கை வேலையாள் வீட்டுக்குக் கொண்டுவர முடியாது, அதனால் எங்களிடம் ஒரு பிரதியும் இல்லை. பிறகு கடையும் போய்விட்டது. "மச்சான் கெமராப் பெட்டியத் தூக்கிட்டுப் பின்னால போயிருப்பாரு" என்று அம்மாவின் அண்ணன், என் மாமா, கல்யாண வீடு, கருமாதி வீடு பார்க்காமல் சொல்லிச் சிரிப்பார். அம்மா அதற்கு ஒருநாளும் சிரித்ததில்லை. அப்பா போன பிறகு என்னிடம் அவர் கேட்டதும் ஒன்றே ஒன்றுதான்: "அந்தப் பேர ஒரு தடவ காட்டிரு."

அந்தப் படம் கிடைக்காமல் இல்லை. பேராதனையில் ஒருவரிடம் இருந்தது, கட்டுகஸ்தோட்டையில் ஒருவரிடம் இருந்தது. ஓட்டிப் பார்த்தால் முதலில் வெறும் வெள்ளை வெளிச்சம், உடனே தேயிலைச் செடிகள். எழுத்தே கிடையாது. திரும்பத் திரும்ப மெசினில் மாட்டும்போது பிலிமின் தலைப்பக்கம், அதாவது தொடக்கத்தில் உள்ள ஓரத் துளைகள் கிழியும். கண்டி ஈரமும் அங்கேதான் முதலில் பிடிக்கும். கெட்டுப்போன அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டு, வெறும் வெள்ளைப் பிலிம் ஒட்டுவது எங்கள் ஆட்களின் வழக்கம். இந்த ரீலில் பேர் எழுதியிருந்த இடம் ஒரு முழம்கூட இராது. அதை வெட்டிவிட்டு, "இது மதராசில எடுத்தது" என்கிறார் ஒருவர். "இல்ல, சீமைக் கம்பனி" என்கிறார் மற்றவர். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசியில் வத்தேகமையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் போனில் சொன்னார்: "அந்தப் படம் வாங்கின பெட்டியோட அப்படியே கெடக்கு தம்பி. ஒருக்காகூட ஓட்டல்ல." அப்பாவை அவருக்கு நன்றாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், படம் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். தேடுவது அந்தப் பேரை என்று தெரிந்தால் யாரும் ரீலைக் கண்ணில் காட்டமாட்டார்கள் என்பது எங்கள் கூட்டத்தின் பயம்.

போனபோது யன்னல்களைச் சாத்தி, சுவரில் வெள்ளைத் துணி கட்டி, ரீலை மாட்டித் தயாராக வைத்திருந்தார். பிளேன்டியும் பணிசும் வந்தன. நான் எதையும் தொடவில்லை. அவர் சுவிட்சைப் போட்டார். வெள்ளை வெளிச்சம். உடனே தேயிலைச் செடிகள்.

கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். "ஐயா, முன்னால எழுத்து ஏதும் இருந்திச்சா?"

"இருந்திருக்கும். தலைப்பக்கம் ஈரத்துல ஒட்டிக் கெடந்திச்சி. நீங்க வாறீங்கன்னு நேத்துத்தான் வெட்டிட்டுப் புதுசு ஒட்டினேன்."

"வெட்டின துண்டு?"

"குப்பையோட எரிச்சாச்சி. ஏன் தம்பி?"

என் முகத்தைப் பார்த்து, வேலை சரியில்லையோ என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. ஒட்டிய இடத்தை விரலால் தடவிக் காட்டினார். "ஒங்க அப்பா சொல்லிக் குடுத்த மாதிரியேதான் செஞ்சேன். 'தல கெட்டுப்போனா யோசிக்காம வெட்டிருங்க மாஸ்டர், இல்லாட்டி மெசின் முழுப் படத்தையும் கடிச்சிரும்'னுவாரு. இந்தப் பக்கம் எல்லார் மெசினையும் அவர்தானே திருத்தினது. நாங்க எல்லாம் அவருகிட்டப் படிச்சதுதான்."

அந்த நல்ல மனிதரிடம் என்ன சொல்லிக் கோபிக்க? மீதிப் படத்தை உட்கார்ந்து பார்த்தேன். அழகான படம், அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அப்பாவோடு மனதுக்குள் சண்டை போட்டேன். தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டதுமில்லாமல், ஊரையும் அள்ளிப்போடப் பழக்கிவிட்டுப் போயிருக்கிறார்.

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு காத்திருந்தார். "பேரு இருந்திச்சா?"

ஒன்றும் மறைக்காமல் சொன்னேன்.

"வீட்டுல ஒரு நூலக்கூட நேரா வெட்டத் தெரியாது அந்த மனுசனுக்கு. ஊருக்குப் போய்ச் சொல்லிக் குடுத்திருக்காரு பாரு."

பிறகு கண்ணாடியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தார்.

"மாமாகிட்ட மட்டும் சொல்லிறாத."