ஜெனரேட்டர் ஓடுது, பேட்டரி ஏறலை

கரண்ட் இருக்கும்வரை எங்கள் முகம் யாருக்கும் ஞாபகம் வராது; அப்படிப்பட்ட தொழில் இந்த இன்வெர்ட்டர் சர்வீஸ். மேற்கு மாம்பலத்தில் ஒரு சந்துக்குள் என் கடை. புயல் வந்துபோன வாரத்தில் உங்கள் வீட்டிலும் கரண்ட் போயிருக்கும். மொட்டை மாடியில் நின்று எதிர்த்தெருவில் விளக்கு எரிகிறதா என்று பார்த்து வயிறு எரிந்திருப்பீர்கள். இன்வெர்ட்டர் பேட்டரியும் தீர்ந்த பிறகு, எங்கெங்கோ அலைந்து ஒரு சின்ன ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடித்து வந்து, அதிலிருந்து பேட்டரியை ஏற்றப் பார்த்திருப்பீர்கள். அது டபடபவென்று ஓடியிருக்கும். பேட்டரி மட்டும் ஏறியிருக்காது. அந்த வாரம் எனக்கு வந்த போன் எல்லாமே இதே புலம்பல்தான்.

கண்ணாடிக்கு மேல் ஒரு விளக்கு

தி.நகரில் ஒரு பட்டுப்புடவைக் கடை. முதலாளி அண்ணாச்சிக்குத் திருநெல்வேலிப் பக்கம். ஜெனரேட்டரை இன்வெர்ட்டரோடு சேர்த்ததும் அது முக்கி முனகி நின்றுவிடுகிறது என்று கூப்பிட்டிருந்தார். விஷயம் பெரிதாக ஒன்றுமில்லை. சுத்தமாகத் தீர்ந்துபோன பேட்டரி, கரண்டைக் கண்டதும் அள்ளி இழுக்கும். கடை விளக்குகளும் அதே ஜெனரேட்டரின் தலையில்தான். சின்ன இஞ்சின் எதைத்தான் தாங்கும்? "சார்ஜைக் குறைச்சு வைக்கிறேன், மெதுவா ஏறட்டும். நீங்க விளக்கையெல்லாம் அணைச்சிடுங்க அண்ணாச்சி" என்றேன்.

ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்தவர், பெரிய கண்ணாடிக்கு மேலிருந்த விளக்கின் அடியில் நின்றுவிட்டார். அங்கே ஒரு கல்யாணப் பெண்ணும் அவள் அம்மாவும் நின்றிருந்தார்கள். வீட்டுக்குள் வெள்ளம் புகுந்து, வாங்கி வைத்திருந்த முகூர்த்தப் புடவை சாக்கடைத் தண்ணீரில் ஊறிப்போயிருந்தது. கல்யாணம் நெருங்கிவிட்டது. அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே புடவைகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். அண்ணாச்சி அந்த விளக்கை மட்டும் அணைக்காமல் திரும்பி வந்து, கல்லாவுக்கு மேலிருந்த தன் ஃபேனை நிறுத்தினார். ஜெனரேட்டர் நிற்காமல் ஓடத் தொடங்கியது. அவர் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டுச் சொன்னார்:

"நான் வேர்த்தா தொடச்சிக்கிடுதேன் தம்பி. அந்தப் புள்ள மூஞ்சி கண்ணாடில தெளிவாத் தெரியணும்லா?"

படிக்கட்டுக்கு அடியில்

திருவல்லிக்கேணியில், வேலைக்கு வந்த வெளியூர்ப் பையன்கள் தங்கும் ஒரு மேன்ஷன். காலையிலிருந்து ஜெனரேட்டர் ஓடுகிறது, பெட்ரோலாகக் குடிக்கிறது, பேட்டரி அசையவே இல்லை என்று மேனேஜர் கொதித்துக்கொண்டிருந்தார். எல்லா ரூமிலும் ஸ்விட்சை அணைத்துவிட்டதாகச் சத்தியம் செய்தார். ஆனால் இன்வெர்ட்டரைப் பார்த்தால், ஏதோ ஒன்று பலமாக இழுக்கிறது என்று காட்டியது. ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். அது படிக்கட்டுக்கு அடியில் வாட்ச்மேன் படுக்கும் இடத்தில் போய் முடிந்தது. அங்கே ஒரு ரைஸ் குக்கரில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது.

மேனேஜர் கத்த ஆரம்பித்தார். வாட்ச்மேன் அசரவில்லை. "இன்னா சார் பண்ண சொல்ற? மெஸ்ஸு மூடிக்கீது. மேல ரூம்ல அந்தத் தம்பி ஜொரத்துல அனலா கொதிச்சிக்கினு கீறான். அவனுக்கு இங்க யாரு கீறாங்க?" என்றார். மேனேஜர் மாடிப் பக்கம் அண்ணாந்து பார்த்தார். நான் குக்கரின் ஒயரைப் பிடுங்கப் போனேன். மேனேஜரே என் கையைத் தடுத்தார்.

"இருப்பா, கஞ்சி வெந்துடட்டும். பேட்டரிக்கா ஜொரம் அடிக்குது?"

மாமியின் காது

மயிலாப்பூரில் வீணை சொல்லிக்கொடுக்கும் ஒரு மாமி. கணவருக்குப் பக்கவாதம்; பேச்சு வராது. முதுகில் புண் வராமலிருக்கக் காற்றுப் படுக்கையில் படுத்திருந்தார். அந்தப் படுக்கையின் பம்ப் இன்வெர்ட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. இன்வெர்ட்டரோ தீரப்போகிறேன் என்று பீப் பீப் என்று கத்திக்கொண்டிருந்தது. வாசலில் ஜெனரேட்டர் ஓடியும் இன்வெர்ட்டர் அதை ஏற்கவில்லை. சேர்வதுபோல் 'டக்' என்று ஒரு சத்தம், உடனே விட்டுவிடும்.

நான் ஒயர்களைச் சோதித்துக்கொண்டிருந்தபோது மாமி சொன்னாள்: "வாடகைக்காரன் ஓட்டிக் காமிச்சப்போ இந்த ரீங்காரம் இவ்ளோ உசரத்துல இல்லையே. ஆத்துக்குக் கொண்டுவந்தப்புறம் மேல ஏறிண்டுடுத்து." மீட்டரை வைத்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. ஆட்டோவில் குலுங்கி வந்ததில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் திருகு தளர்ந்து, இஞ்சின் தேவைக்கு மேல் வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த மாதிரி கரண்டை இன்வெர்ட்டர் தொடாது. நான் மீட்டரைப் பார்த்துத் திருகத் திருக, மாமி ரீங்காரத்தைக் கேட்டபடி கையை மெல்லக் கீழே இறக்கிக்கொண்டே வந்தாள். கை நின்றது. மீட்டர் முள்ளும் சரியான இடத்தில் நின்றது. 'டக்'. இந்தமுறை விடவில்லை, சார்ஜ் விளக்கு எரிந்தது, பீப் அடங்கியது. மாமி உள்ளே போய்க் கணவரின் நெற்றியைத் தடவினாள்.

"ஏன்னா, சுருதி சேர்ந்துடுத்து. நிம்மதியா தூங்குங்கோ."

அடைத்த கதவு

அடையாறில் ஒரு அடுக்குமாடி வீடு. ஐ.டி. வேலை பார்க்கும் ஒரு பெண், பள்ளிக்கூடம் போகும் மகள், இருவர் மட்டும். கணவர் வெளியூரில் மாட்டிக்கொண்டிருந்தார். சார்ஜ் ஏறுகிறது, நிற்கிறது, மறுபடி ஏறுகிறது, மறுபடி நிற்கிறது என்று போனில் சொன்னாள். நான் போனபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. மகள் சோபாவில் சுருண்டு கிடந்தாள். "தூக்கமே இல்லண்ணா, ரெண்டு பேருக்கும் ஒரே தலைவலி" என்றாள் அந்தப் பெண். பேசும்போதே சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

ஜெனரேட்டர் எங்கே என்றேன். சமையலறைக்குப் பின்னால், துணி துவைக்கிற இடத்தைக் காட்டினாள். மழையில் நனையாமலும், மாடிவீட்டுக்காரருக்குச் சத்தம் கேட்காமலும் இருக்க ஜன்னலையெல்லாம் அடைத்து உள்ளேயே வைத்திருந்தாள். கதவைத் திறந்ததும் புகை என் கண்ணில் அறைந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு இஞ்சினை நிறுத்தினேன். ஜன்னல்களைத் திறந்துவிட்டேன். குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, அவளையும் இழுத்துக்கொண்டு படிக்கட்டுக்கு ஓடினேன். சத்தம் கேட்டு மாடிவீட்டுக்காரர் இறங்கி வந்தார். சத்தம் கேட்டால் சண்டைக்கு வருவார் என்று அவள் பயந்த அதே மனிதர்தான். ஒரு வார்த்தை கேட்காமல் காரை எடுத்தார்.

ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். குழந்தை கண்ணை நன்றாகத் திறந்து, "அம்மா, பசிக்குது" என்று சொன்ன பிறகுதான் நான் சுவரோரம் உட்கார்ந்தேன்.

மறுநாள் ஜெனரேட்டரை மொட்டை மாடியில், ஜன்னல்களுக்கு எட்டாத ஒரு மூலையில், தகரக் கூரைக்கு அடியில் வைத்தேன். ஒரு நொடி நிற்காமல் ஓடியது. அதற்கு ஒரு கோளாறும் இல்லை. நல்ல காற்று கிடைக்காமல், தான் விட்ட புகையையே தான் குடித்து மூச்சுத் திணறியிருக்கிறது. இஞ்சின் திணறும்போதெல்லாம் கரண்ட் சரிந்து, இன்வெர்ட்டர் அதை உதறியிருக்கிறது. இதை நான் சொன்னபோது அந்தப் பெண் மகளைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டு சொன்னாள்:

"சார்ஜ் ஒழுங்கா ஏறியிருந்தா, நான் உங்களக் கூப்பிட்டே இருக்க மாட்டேண்ணா."

ஆக, ஊரில் அத்தனை பேருடைய பேட்டரியும் எப்படியோ ஏறிவிட்டது. என் வீட்டில் மட்டும் அந்த வாரம் முழுக்க மெழுகுவர்த்திதான் என்பதை என் மனைவி இதுவரை யாரிடமும் சொல்லாமல் விட்டதில்லை.