ஷம்ஷாத் வளைத்த செம்புக்குழாய்

அம்மை போட்டு இடது காது போன பின்பும், மிச்சமிருந்த ஒரு காதை வைத்தே தொழில் கற்றாள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காமலே ஊரார் பாத்திரங்களில் பேர் வெட்டினாள். பெண் சுத்தியல் எடுத்தால் குடும்பம் விளங்காது என்ற பூந்தமல்லிக் கடைத்தெரு, கடைசியில் ஓட்டை அண்டாவைத் தூக்கிக்கொண்டு அவளிடமே வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, கூடப் பிறந்த அண்ணன் அப்துல் முத்தலிப்பை ஜெயில் வாசலிலிருந்து திருப்பிக் கூட்டிவந்தவள் ஷம்ஷாத்.

யுத்த காலம். ஆவடி முகாமில் ஒரு வெள்ளைக்கார சார்ஜன்ட், வாற்கோதுமையைக் கொதிக்கவைத்துத் தானே பீர் தயாரித்துக்கொண்டிருந்தார். கொதித்ததைச் சட்டென்று ஆற்றாவிட்டால் நம் ஊர் வெக்கைக்குப் புளித்துக் கெட்டுவிடும். அதற்கு ஒரு செம்புச் சுருள் கேட்டார். சுருளை அண்டாவுக்குள் இறக்கி, ஒரு முனையில் கிணற்று நீரை விட்டால், அது சூட்டை வாங்கிக்கொண்டு மறுமுனையில் வெளியேறிவிடும். ஒப்புக்கொண்டு வந்தவன் முத்தலிப். செய்தவள் ஷம்ஷாத். அந்நாளில் வேலை தங்கையுடையது, பேர் அண்ணனுடையது.

"இன்னாத்துக்குண்ணே இது?"

"கஞ்சி ஆத்தறதுக்கும்மா."

"பட்டாளத்தான் கஞ்சியா? ஜமாத்துல கேட்டா இப்டியே சொல்லு, நம்பிடுவாங்க."

குழாய்க்குள் காய்ந்த மணலைத் தட்டித் தட்டி நிரப்பி, இரு முனையையும் கட்டையால் அடைத்து, உரலைச் சுற்றி வளைத்தாள். மணல் இருந்தால் குழாய் நசுங்காது. நீளக் குழாய் கிடைக்காததால் இரண்டு துண்டுகளை நடுவில் ஈயம் வைத்துப் பற்றவைத்தாள். பத்தே நாளில் அந்த மூட்டு கசிந்து, கிணற்று நீர் பீரில் கலந்து, சுருள் திரும்பி வந்தது.

மறுபடி பற்றவைக்க வெள்ளீயம் வேண்டும். மலாய் நாடு ஜப்பான்காரன் கைக்குப் போனதிலிருந்து அது கண்ணில் படவே இல்லை. முத்தலிப் நாலு நாள் அலைந்து ஒரு குச்சி வாங்கிவந்தான். காரீயம் கலந்தது என்று விற்றவனே சொல்லியிருந்தான். தின்னும் குடிக்கும் பொருளில் காரீயம் பட்டால் விஷம் என்பது பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிற வீட்டுப் பிள்ளைக்குத் தெரியாததா? இருந்தும் தங்கையிடம் சொல்லவில்லை. அவள் முடித்துக் கொடுத்ததைச் சாக்கோடு கொண்டுபோய் முகாமில் இறக்கிவிட்டான்.

நாலாம் நாள் காலை, முகாமில் குமாஸ்தாவாக இருந்த அம்பத்தூர் வீரராகவன் சைக்கிளில் வந்தான்.

"பாய், பீரு குட்ச்ச மூணு பேரு வயித்தப் புட்ச்சுகினு ஆஸ்பத்திரில கீறானுங்க. நாளிக்கு உன்ன இட்டாரச் சொல்றாரு மேஜரு. சண்டை டைமு. விஷம்னு எழுதிட்டா அவ்ளோதான்."

சாலையில் நாளெல்லாம் பட்டாளத்து லாரிகள். ஒவ்வொன்றும் தன் வாசலில்தான் நிற்கப்போகிறது என்று முத்தலிப் எழுந்து எழுந்து பார்த்தான். மத்தியானம் வைத்த சோறு அப்படியே இருந்தது. பொழுது சாயும்போது தங்கை முன் வந்து உட்கார்ந்தான்.

"ஷம்ஷாத்து, அந்த ஈயத்துல காரீயம் கீது. தெரிஞ்சேதான் குடுத்தேன்."

"எனக்குந்தான் தெரியும்."

நல்ல வெள்ளீயக் குச்சியைக் காதருகே வைத்து வளைத்தால் நறநறவென்று மெல்ல முனகும். காரீயம் கூடிவிட்டால் ஊமையாகிவிடும்.

"வளைச்சுப் பாத்தேன், பேசல. அதான் பழைய மூட்ட வெட்டிட்டு, ஒண்ணுக்குள்ள ஒண்ணா ரெண்டு சுருளாக்கி, சேர்ற எடத்த அண்டாவுக்கு மேல தூக்கி வச்சேன். பீரு அதத் தொடவே தொடாது."

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"நீ சொன்னியா?"

முத்தலிப் எழுந்துபோய் வாசலை இன்னொரு தரம் பார்த்துவிட்டு வந்தான். வெள்ளைக்காரன் முன் இதை எந்த வாயால் சொல்வது?

"நானும் வரேன்."

"பொம்பளப் புள்ளைய பட்டாளத்துக்குள்ள இட்டுகினு போவறதா?"

"உன்ன அங்க உட்டுட்டு வர்றதா பின்ன?"

மறுநாள் முகாமில் மேஜர், டாக்டர், சார்ஜன்ட் மூவரும் நின்றார்கள். முதல் கேள்விக்கே முத்தலிப் உளறினான். கதவருகே துப்பாக்கியோடு நின்ற சிப்பாய் ஒரு அடி முன்னால் வந்தான். ஷம்ஷாத் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அண்டாவில் பீர் நின்ற கறை வரைக்கும் தண்ணீர் ஊற்றி, சுருளை இறக்கினாள். ஈயம் வைத்த மூட்டு தண்ணீருக்கு மேலே ஒரு சாண் உயரத்தில், சொட்டு ஈரமில்லாமல் நின்றது.

டாக்டர் குனிந்து, விரலால் சாண் போட்டுப் பார்த்தார். அதே பீரைக் குடித்த மற்ற பதினோரு பேரும் நன்றாக இருப்பதாகச் சொன்னார். பிறகு விசாரித்ததில், படுத்த மூவரும் உப்பிப்போன டப்பா மீனைத் தின்றவர்கள் என்று தெரிந்தது.

"யார் செய்த வேலை?" என்று மேஜர் கேட்டதை வீரராகவன் தமிழில் சொன்னான்.

"என் தங்கச்சி," என்றான் முத்தலிப். அந்தப் பதிலை அவன் வெளியில் சொன்னது அதுவே முதல் தடவை.

செய்தவரே வாக்குமூலத்தில் ஒப்பமிட வேண்டும் என்றார்கள். வீரராகவன் கைரேகைக்கு மைத்தட்டை நகர்த்தினான். அவள் அதை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பேனாவைக் கேட்டாள். பாத்திரத்தில் வெட்டுவதுபோல முதலில் புள்ளி புள்ளியாக வைத்து, பின் ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். எத்தனையோ பேருடைய பெயரை வெட்டிய கை, அன்றைக்குத்தான் 'ஷம்ஷாத்' என்று எழுதியது. அடியில் வீரராகவன் தேதி போட்டான்: 1944, ஜூன் 22, வியாழக்கிழமை.